கால்குலஸா, மைக்ரோ எகனாமிக்ஸா?

அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்களில், பிசினஸ் பள்ளியில் (வணிகப் படிப்புகளுக்கான பிரிவு) இடம் கிடைக்காதவர்கள் முதல் செமஸ்டரில் அக்கவுண்டிங் வகுப்பில்கூடப் பதிவு செய்ய முடியாது. சரி, அதுவரை எதை எடுப்பது? பெரும்பாலும் போட்டி கால்குலஸுக்கும் (நுண்கணிதம்) மைக்ரோ எகனாமிக்ஸுக்கும் (நுண்பொருளியல்) தான். பின்னால் உள்ளே நுழைய விண்ணப்பிக்கும்போது இரண்டையுமே கேட்கும் பள்ளிகள் நிறைய.

மைக்ரோ எகனாமிக்ஸ் பார்க்க எளிது. அறிமுக வகுப்பில் கோடுகளும் கொஞ்சம் அல்ஜீப்ராவும் போதும். ஆனால் விலையைச் செங்குத்து அச்சில் போட்டு வரையும் டிமாண்ட் கோட்டில் (எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டுவது) பலர் தடுக்கி விழுவார்கள்: கோடு நகர்கிறதா, கோட்டின் மேலேயே புள்ளி நகர்கிறதா? தேர்வில் மதிப்பெண் போவது அங்கேதான்.

கால்குலஸ் வேறு மாதிரி. ஒரு வாரம் வீட்டுப்பாடத்தை விட்டால், அடுத்த வாரம் செயின் ரூல் என்கிற விதி புரியாது. ஹைஸ்கூலில் கணக்கு படித்த சூடு ஆறுவதற்குள் முடித்துவிடுவது நல்லது. ஒரு வருடம் தள்ளிப்போட்டவர்கள் மறுபடி அல்ஜீப்ராவிலிருந்து தொடங்க வேண்டிவரலாம்.

என் ஓட்டு கால்குலஸுக்கு. இரண்டையும் சேர்த்து எடுக்கலாமே என்றால், எடுக்கலாம். அப்புறம் மூன்றாவதாக வேதியியலை மட்டும் சேர்க்காதீர்கள். அங்கே ஜிபிஏ (எல்லாப் பாடங்களின் மதிப்பெண் சராசரி) அடிவாங்கினால், விண்ணப்பத்தில் அது அப்படியே தெரியும்.