சிங்கப்பூரில் சாப்பாடு: ஹாக்கர் சென்டரா, உணவகமா?

தனியாளோ இருவரோ என்றால் யோசிக்கவே வேண்டாம், லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சென்டர் மாதிரி ஹாக்கர் சென்டர்தான், அதாவது பல சிறு சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் பொது உணவு வளாகம். பலகையில் போட்ட விலைதான் பில். உணவகத்தில் விலைக்குப் பக்கத்தில் ‘++’ இருக்கிறதா என்று பாருங்கள்: இருந்தால், 20 வெள்ளிச் (சிங்கப்பூர் டாலர்) சாப்பாடு, 10% சேவைக் கட்டணமும் அதற்கு மேல் 9% ஜிஎஸ்டியும் சேர்ந்து 23.98 ஆகிவிடும். கேட்காமலே வரும் ஈர டிஷ்யூவுக்கும் கடலைக்கும் காசு பிடிக்கும் இடங்கள் உண்டு. வேண்டாமென்றால் பிரிக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

வயதானவர்கள் கூட வந்தால் உணவகமே மேல். ஹாக்கர் சென்டரில் பெரும்பாலும் ஏசி கிடையாது. மதியம் 12 மணிக்கு மேல் இடம் குதிரைக்கொம்பு. காலி மேசையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்துவைக்க வேண்டும். 2021 முதல் அது சட்டம்.