நாட்டுக்கோழிக்கு நைலான் வலை கட்டின அனுபவம்: பாத்தி பொழைச்சுது, சாரைப்பாம்பு மாட்டிக்குச்சு

உடுமலைல இருக்கற நண்பர் ஒருத்தர் கேட்டிருந்தாருங்க, பச்சைக் கலர் நைலான் வலை விலை நல்லா இறங்கியிருக்கு, கோழி காய்கறிப் பாத்திக்குள்ள போகாம இருக்க வாங்கிப் போடலாமான்னு. நாங்க பொள்ளாச்சிப் பக்கம், தென்னந்தோப்புக்கு நடுவுல கொஞ்சம் எடத்துல கீரை, கத்திரி, வெண்டை, தக்காளி போடறோம், கோழிய அடைச்சு வளக்கற பழக்கம் இல்ல. அதே வலைய நாலடி உயரத்துக்குக் கட்டி சில வருஷமாச்சு, போன வாரம்தான் கீழ்ப்பாதிய அறுத்துட்டு வேற மாத்தினோம்.

மொதல்ல நல்லத சொல்லிடறேன். கோழிய தடுக்கற வேலைய இந்த வலை அருமையா செஞ்சுது. மூடாக்கு (மண்ணு காயாம இருக்க மேல பரப்பற சருகு, தழை) போட்டு தண்ணி விட்ட பாத்தின்னா கோழிக்கு உசுரு, ஈரத்துக்கு மண்புழுவும் கரையானும் மேல வந்துரும், தாய்க்கோழி குஞ்சுகளக் கூட்டிட்டு வந்து அரை மணி நேரம் சீய்ச்சா போதும், மூடாக்கு பூராவும் வரப்புக்குப் போயிரும், நாத்து வேரோட மேல கெடக்கும், தூவுன கீரை விதையையும் பொறுக்கித் தின்னுட்டு காஞ்ச எடமா பாத்து குழி பறிச்சு மண்ணுல பொரளும். வலை கட்டினதுக்கு அப்பறம் இது எல்லாமே நின்னு போச்சு.

எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் மேல் விளிம்புங்க. நாலடி எல்லாம் நாட்டுக்கோழிக்கு ஒரு உயரமே இல்ல, ராத்திரி மரத்துல ஏறி அடையற ஜாதி அது. ஆனா அது பெரும்பாலும் ஒரே தாவுல தாண்டறதில்ல, மொதல்ல விளிம்புல போய் உக்காரும், அப்பறம்தான் உள்ள குதிக்கும். அதனால மேல மூங்கிலோ கம்பியோ குறுக்க கட்டாம வலைய தொளதொளன்னு விட்டுட்டோம், கால் வெக்க புடி கெடைக்காம ஆடுது, ரெண்டு தடவ பாத்துட்டு அதுக திரும்பிருது. றெக்கை வெட்ட வேண்டிய அவசியமே வரல. ஒரு பக்கத்து நீள எறகுகள வெட்டினா பேலன்ஸ் போயி பறக்காதுதான், எறகு உதுந்து மொளைக்கறப்ப பழையபடி ஆயிரும், ஆனா நாயும் கீரியும் சுத்தற எடத்துல மேயற கோழிக்கு தப்பிக்க இருக்கறதே அந்த றெக்கைதான், அத வெட்ட எனக்கு மனசு வராது.

இவ்வளவு நல்லா இருந்தும் கோவமா எழுதறதுக்குக் காரணம் தரையோட ஒட்டி இருக்கற அந்த கீழ் ரெண்டடி. கோழி இருக்கற எடத்துல தீவனம் சிந்தும், சிந்தினா எலி வரும், எலி வந்தா சாரை வரும். அது தலைய வலைக்கண்ணுக்குள்ள விட்டு முன்னால போகும், ஒடம்போட தடிச்ச பாகம் வந்ததும் எறுகிக்கும், பின்னால இழுத்தா செதிலு மாட்டும், அதனால இன்னும் முன்னாலயே முண்டி அடுத்த கண்ணுக்குள்ளயும் போயி சுத்திக்கும். வெயிலடிக்கற எடமா இருந்தா மத்தியானத்துக்குள்ள செத்துரும். எங்க வலைல இப்படி மாட்டி, நாங்க பாக்கறதுக்கு முன்னாலயே செத்துப் போன பாம்பு உண்டு, இத சொல்றப்பவே வயிறு எரியுதுங்க. விஷம் இல்லாத பாம்பு, தேங்காய உருட்டற எலிய புடிக்கறதுக்கு அதவிட்டா நமக்கு யாரு இருக்கா, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல பாதுகாப்பு குடுத்திருக்கற உயிர். சாரை முட்டையும் குஞ்சும் எடுக்கும்னு எனக்கும் தெரியும், அதுக்காக நூல்ல சிக்கி அணு அணுவா சாகணுமா?

உசுரோட மாட்டிருந்தா புடிச்சு இழுத்துறாதீங்க, தோல் கிழிஞ்சுரும். தலை மேல துணியப் போட்டு மூடிட்டு சின்னக் கத்திரியால நூல ஒண்ணொண்ணா வெட்டணும், அதுவும் பழக்கப்பட்டவங்கதான் செய்யணும், சாரையும் கடிக்கும். என்ன பாம்புன்னு அடையாளம் தெரியலைன்னா கிட்டவே போகாம 101க்கு அடிங்க, தீயணைப்புத் துறைல இருந்து வந்து எடுத்துக் குடுப்பாங்க.

இப்ப நாங்க மாத்தினது என்னன்னா, கீழ ரெண்டடிக்கு அரை இஞ்ச் கண்ணு இருக்கற ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) கம்பி வலை, மேல பழையபடி தொளதொள நைலான். கம்பி வலை மண்ணுல பொதைஞ்சா அந்த எடம் துருப்புடிக்கும், அதனால பொதைக்காம அடில தேங்கா மட்டைய நெருக்கி அடுக்கிட்டோம். கோழிக்குஞ்சும் நுழைய முடியறதில்ல, ஒரு இஞ்ச் நைலான்ல பொரிஞ்ச குஞ்சு சுலபமா உள்ள போயிரும், அப்பறம் தாய்க்கோழி வெளிய நின்னு கத்தி கலாட்டா பண்ணும். வாழை, முருங்கைக் கன்னுக்கெல்லாம் வலையே வேண்டாம், கன்னோட அடிய சுத்தி மட்டையோ கல்லோ வெச்சா சீய்க்க எடமே இருக்காது. சின்னப் பாத்தின்னா எங்க அப்பத்தா காலத்து முறையே போதும், நாத்து வேர் புடிக்கற வரைக்கும் முள்ளு வெட்டி மேல பரப்பி வெச்சுருவாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு மேல தொறந்து விட்டாலும் பாதி சேதம் கொறையும், இருட்டறதுக்கு முன்னால அடையத் திரும்பிரும்.

ஆக நண்பருக்கு நான் சொல்றது, கோழிய தடுக்கறதுக்கு பத்துக்கு ஒம்பது மார்க் இந்த வலைக்கு நானே குடுப்பேன், ஆனா வாங்காதீங்க. எவ்வளவு விலை இறங்கினாலும் தரை வரைக்கும் இத கட்டாதீங்க. ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னா மேல் பாதிக்கு மட்டும் வெச்சுக்கங்க, காலைலயும் சாயங்காலமும் ஒரு நடை சுத்திப் பாருங்க, வெயில்ல மொறுமொறுன்னு ஆகி பிஞ்சு போன வலைய வேலி ஓரமா தூக்கிப் போடாம சுருட்டி சாக்குல கட்டி பரண்ல போடுங்க, சும்மா கெடக்கற வலைலயும் பாம்பு மாட்டும்.