சுங்கை சிப்புட், திருச்சி, நடுவில் ஒரு லேப்டாப்: நான்கு வருட அனுபவம்

வருடத்தில் எட்டு மாதம் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருப்பேன், மீதி நான்கு மாதம் திருச்சியில் மனைவி வீட்டில். தமிழ்ப் பயிற்சி நூல்களுக்குப் பக்கம் அமைப்பது என் தொழில். இரண்டு ஊரிலும் ஒரே லேப்டாப்தான். 2022 தொடக்கத்தில் ஈப்போவில் 3,900 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கியது. 14 அங்குலத் திரை, 16 ஜிபி ராம், எடை 1.4 கிலோ. ஏர் ஏசியாவில் கைப்பைக்கு மொத்தமே 7 கிலோதான் என்பதால் எடையை முதலில் பார்த்தேன். அதில் தப்பில்லை. வேகத்திலும் திரையிலும் இன்றுவரை குறை கிடையாது. என்னைப் பாடாய்ப் படுத்தியது சார்ஜரும் உத்தரவாதமும்தான். கடையில் நிற்கும்போது இந்த இரண்டைப் பற்றி நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

மலேசியாவிலும் இந்தியாவிலும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். சார்ஜர் பெட்டியின் முதுகில் 100-240 வோல்ட் என்று பொடி எழுத்தில் இருக்கும். அது இருந்தால் போதும், வோல்ட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். பிளக்தான் வேறு. நமக்குப் பட்டையான மூன்று கால், அங்கே உருண்டையான மூன்று கால். அதற்காக விமான நிலையத்தில் ஒரு பயண அடாப்டர் வாங்கிக்கொண்டு போனேன்.

திருச்சியில் முதல் வாரமே, லேப்டாப்பின் அலுமினிய விளிம்பில் மணிக்கட்டு பட்டால் சுருக்கென்றது. எறும்பு கடிப்பதுபோல, ஆனால் விடாமல். லேப்டாப்தான் பழுது என்று நினைத்தேன். மச்சான் தெருவிலிருந்த எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கூட்டிவந்தார். அவர் டெஸ்டரை மூடியின் ஓரத்தில் வைத்தார், உள்ளே சின்னதாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. அடாப்டரைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எர்த்தே போகல சார்" என்றார். சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்டும் மின்தேக்கிகள் இருக்கின்றன. அவற்றின் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்சாரம் எர்த் கம்பியில் இறங்க வேண்டும். அந்த வழி இல்லையென்றால் உலோக உடம்பில் வந்து நிற்கிறது.

தீர்வு ரொம்பச் சுலபம். சார்ஜர் பெட்டியிலிருந்து சுவருக்குப் போகும் வயர் பெரும்பாலும் கழற்றக்கூடியது, பெட்டிப் பக்கம் மூன்று துளை இருக்கும். அதே துளைக்குப் பொருந்தும் இந்திய பின் வயர் ஒன்றை 200 ரூபாய்க்கு வாங்கி மாட்டினோம். டெஸ்டர் எரியவில்லை. அடாப்டரை அதன்பிறகு நான் தொட்டதில்லை.

எட்டாவது மாதம் அடுத்த அடி. சார்ஜர் செருகும் துளை ஆடி ஆடித் தளர்ந்து, திருச்சியில் இருக்கும்போது நின்றுபோனது. உத்தரவாதம் இன்னும் நான்கு மாதம் பாக்கி. சர்வீஸ் சென்டரில் வரிசை எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது மலேசியாவில் விற்றது, இங்கே இலவசமாகச் செய்ய முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். வாரண்டி அட்டையில் அது தெளிவாகவே அச்சாகியிருந்தது. படிக்காதது என் தவறு, ஆனால் இந்தியா போய் வருகிறவன் என்று சொல்லித்தான் வாங்கினேன், விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெளிக்கடையில் 4,500 ரூபாய் ஆனது. திங்க்பேட் போன்ற அலுவலக வரிசைகளில் பல மாடல்களுக்கு நாடு கடந்த உத்தரவாதம் உண்டு. மாடலைச் சொல்லிக் கேளுங்கள், பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

துளையைச் சரிசெய்ய இரண்டு வாரம் ஆனது. அதுவரை என்னைக் காப்பாற்றியது லேப்டாப்பில் இருந்த டைப்-சி துளை. 65 வாட் சார்ஜர் ஒன்று வாங்கி அந்த வழியாக ஓட்டினேன். அதற்கு இரண்டே கால், எர்த் கிடையாது, ஆகவே பழைய சுருக் திரும்பி வந்தது. வேலை நிற்கவில்லை, அதுவே பெரிது. டைப்-சியில் சார்ஜ் ஏறாத லேப்டாப்பை இனி வாங்க மாட்டேன்.

நம் ஊரில் கதை வேறு. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடு. மதியம் மூன்று மணிக்கு வானம் கறுத்தால் அடுத்த அரைமணியில் இடி தலைக்கு மேல் இறங்கும். பக்கத்து வீட்டு மோடம் ஒரு மின்னலில் கருகியதைப் பார்த்ததிலிருந்து, முதல் உறுமலுக்கே வயரைப் பிடுங்கிவிடுவேன். பிறகு மழை விடும்வரை பேட்டரிதான். அதனால் பேட்டரி பெரிதாக இருப்பது இங்கே ஆடம்பரமில்லை. வாங்கும்போது அதன் கொள்ளளவு 57 வாட்-மணி. இப்போது விண்டோஸ் தரும் பேட்டரி ரிப்போர்ட்டில் 38 காட்டுகிறது.

விசைப்பலகை பற்றிச் சிலர் கேட்டார்கள். இந்த இரண்டு நாட்டில் எதில் வாங்கினாலும் எழுத்துகள் அதே இடத்தில்தான் இருக்கின்றன, இந்தியாவில் விற்பதில் பெரும்பாலும் ரூபாய்க் குறியும் இருக்கும். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய 'அஞ்சல்' தமிழ்த் தட்டச்சு முறையில்தான் தட்டுகிறேன், இரண்டு ஊரிலும் ஒரே கைப்பழக்கம்.

அடுத்த மாதம் திருச்சிப் பயணம். அதற்குள் ஈப்போவில் புதுப் பேட்டரி மாற்றச் சொல்லியிருக்கிறேன். 200 ரூபாய் வயர் இப்போதே பைக்குள் போய்விட்டது.