சொத்து வரிக்கு இரண்டு கடிவாளங்கள்

கலிபோர்னியாவின் 13ஆம் முன்மொழிவு (1978), மாசசூசெட்ஸின் ‘இரண்டரை’ முன்மொழிவு (1980) இரண்டும் சொத்து வரி உயர்வைக் கட்டுப்படுத்த அந்த அமெரிக்க மாநில மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த சட்டங்கள். கலிபோர்னியாவில் அடிப்படை வரி, மதிப்பில் 1 சதவீதம். வீடு கைமாறும்வரை அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. முதியவர்களுக்கு நிம்மதிதான். ஆனால் பக்கத்து வீட்டைப் புதிதாக வாங்கியவர் பன்மடங்கு கட்ட நேர்கிறது. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது. பள்ளிக்காக நிலத்துண்டு வரி (மதிப்பைப் பாராமல் ஒவ்வொரு மனைக்கும் போடும் வரி) கேட்டாலோ மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்.

மாசசூசெட்ஸில் வரம்பு தனி வீட்டுக்கல்ல, ஊரின் மொத்த வசூலுக்கு: ஆண்டுக்கு 2.5 சதவீத உயர்வு, புதுக் கட்டுமானம் தனி. பள்ளிக்குப் பணம் போதாவிட்டால், அந்த வரம்பைத் தாண்ட ஊரார் வாக்கெடுப்பில் சாதாரணப் பெரும்பான்மையே போதும். எந்த ஆசிரியர் பணியிடம் பறிபோகும் என்று பெற்றோரிடம் விளக்காமல் அந்த வாக்கு கிடைக்காது. அந்த உரையாடலுக்காகவே நான் இதன் பக்கம் நிற்கிறேன்.