உள்ளூர் கபடிக்குப் பேப்பரா, ஃபேஸ்புக்கா, யூடியூப்பா?

காட்பாடி பக்கம் எங்கள் ஊர்ப் பசங்க வருஷா வருஷம் கபடிப் போட்டி நடத்துகிறார்கள். நோட்டீஸ், செய்தி, நேரலை இதையெல்லாம் பார்த்துக்கொள்வது என் வேலை. பேப்பருக்குச் செய்தி கொடுத்தோம், ஃபேஸ்புக்கில் லைவ் விட்டோம், யூடியூப் சேனல்காரரைக் கூப்பிட்டுக் கேமரா வைத்தோம். சுற்றுவட்டாரத்தில் போட்டி நடத்துகிறவர்கள் பலர் "எதுக்குக் காசு செலவழிக்கலாம்?" என்று கேட்பதால் எழுதுகிறேன். என் பதில் இதுதான்: ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் யூடியூப்புக்குக் கொடுங்கள்.

எது வேகம், எது இலவசம், எதை நிறையப் பேர் பார்ப்பார்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் பார்ப்பது ஒன்றைத்தான். போட்டி முடிந்து ஒரு வருஷம் கழித்து, அதில் ஆடிய பையன் தன் ஆட்டத்தைத் தேடினால் கிடைக்குமா?

முதலில் பேப்பர். பிரஸ் நோட் எழுதி, இரண்டு மூன்று போட்டோ சேர்த்து, பகுதி நிருபருக்கு அனுப்ப வேண்டும். அவர் அனுப்பிவிட்டாலும் பக்கத்தில் இடம் கிடைக்க வேண்டும். 2019-ல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. கலெக்டர் ஆபீஸ் மூன்று, குறைதீர்வு நாள் மூன்று. அத்தனை செய்திக்கும் நடுவில்தான் நம் கபடியும் இடம் பிடிக்க வேண்டும். கடைசியில் வருவது ஆறேழு வரி. யார் தலைமை தாங்கினார், யார் தொடங்கி வைத்தார், யார் பரிசு வழங்கினார், எந்த அணி முதல் பரிசு. அவ்வளவுதான். இறுதிப் போட்டி எப்படிப் போனது, கடைசி இரண்டு நிமிஷத்தில் யார் பிடித்த பிடியில் ஆட்டம் திரும்பியது என்பது எதிலும் வராது.

இதற்காக நிருபரைக் குறை சொல்ல மாட்டேன். ஃபைனல் முடியும்போது விடிந்துவிடுகிறது. அதற்குள் அன்றைய பேப்பர் அச்சாகிக் கடைக்கே வந்திருக்கும். ராத்திரி முழுக்க மைதானத்தில் உட்கார்ந்திருக்கச் சொல்லி யாரும் அவருக்குச் சம்பளம் கொடுப்பதும் இல்லை.

பெரிய வெற்றி வந்தால் பேப்பர் கைவிடாது, அதையும் சொல்ல வேண்டும். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ எடைப் பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018-ல் கோல்டு கோஸ்ட்டில் மறுபடியும் தங்கம். அப்போது எல்லாப் பேப்பரிலும் வேலூர் இருந்தது. ஆனால் அந்த மேடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு பையன் எத்தனையோ வருஷம் மாவட்டப் போட்டி, மண்டலப் போட்டி என்று தூக்கிக்கொண்டிருப்பான். அந்த வருஷங்களைப் பேப்பரில் தேடினால் ஒரு வரி கிடைப்பதே கஷ்டம். என் கவலை அந்த வருஷங்களைப் பற்றித்தான்.

பேப்பருக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. அது அழியாது. 1954-ம் வருஷச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் புத்தகங்களின் பிரதியைக் குறிப்பிட்ட நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும். 1956-ல் அதில் நாளிதழ்களையும் சேர்த்தார்கள். சென்னை எழும்பூர் கன்னிமாரா அப்படிப்பட்ட ஒரு நூலகம். வீட்டிலும் அப்படித்தான். இனிஷியலோடு பெயரும் ஊரும் அச்சில் வந்த துண்டை வெட்டி லேமினேட் செய்து டிவிக்கு மேலே மாட்டியிருக்கும் வீடுகள் எங்கள் ஊரில் நிறைய. அந்தப் பெருமையை எந்த மொபைலும் தராது. ஆனால் அந்தத் துண்டில் இருப்பது பெயர் மட்டும்தான், ஆட்டம் இல்லை.

அடுத்து வாட்ஸ்அப், ஃபேஸ்புக். அணிகளைச் சேர்க்க இதைவிட நல்லது இல்லை. நோட்டீஸை இரண்டு கபடி குரூப்பில் போட்டால் போதும், சாயங்காலத்துக்குள் ஆரணி, ஆற்காடு, குடியாத்தம், திருப்பத்தூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் "என்ட்ரி ஃபீஸ் எவ்வளவு?" என்று போன் வந்துவிடும். பேனர் அடிக்கும் காசில் பாதி மிச்சம். அந்த வேலைக்கு வாட்ஸ்அப்பை விடவே கூடாது.

போட்டி முடிந்த பிறகுதான் சிக்கல். ஸ்டேட்டஸில் போட்டது 24 மணி நேரத்தில் போய்விடும். குரூப்பில் போட்ட வீடியோ அவரவர் போனில் இருக்கும் வரைதான். மெமரி நிறைந்துவிட்டது என்று ஒருவர் அழிப்பார், இன்னொருவர் போன் மாற்றுவார். மாசக் கடைசியில் கேட்டால் "யாருகிட்டயாவது இருக்கும்ணா" என்பார்கள். அந்த யாராவது கடைசி வரை கிடைக்க மாட்டார்.

ஃபேஸ்புக் லைவ் மேல் எனக்கு ஒரு காலத்தில் நல்ல அபிப்பிராயம் இருந்தது. ஒரு போன், ஒரு ஸ்டாண்டு போதும். ஊரை விட்டு வெளியூரில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் எல்லோரும் அதில்தான் இருந்தார்கள். ஆனால் 2025 பிப்ரவரியில் ஃபேஸ்புக் விதியை மாற்றிவிட்டது. புதிதாக விடும் லைவ் வீடியோ 30 நாள்தான் இருக்கும், அப்புறம் தானாக அழிந்துவிடும். அதற்கு முன்னால் விட்ட பழைய லைவ்களையும், இறக்கிக்கொள்ள அவகாசம் கொடுத்துவிட்டு எடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். பொங்கலுக்கு நடந்த போட்டி மாசி பிறந்த கையோடு காணாமல் போகும் என்று அர்த்தம். பழைய லைவ் வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் இதைப் படித்தால் உடனே போய்ப் பாருங்கள், என்ன மிச்சம் இருக்கிறதோ அதையாவது இறக்கி வையுங்கள்.

யூடியூப் இந்த ஓர் இடத்தில்தான் ஜெயிக்கிறது. சேனல் வைத்திருப்பவர் எடுத்தால் ஒழிய வீடியோ பொதுவாக அங்கேயே இருக்கும். ஆனால் அதுவும் தானாக நடந்துவிடாது. மூன்று விஷயத்தில் கவனம் வேண்டும்.

ஒன்று, நீளம். நேரலை 12 மணி நேரத்துக்குள் இருந்தால்தான் யூடியூப் அதைத் தானாகச் சேமிக்கும். கபடி சாயங்காலம் ஆரம்பித்து மறுநாள் காலை வெயில் ஏறும் வரை போகும். ஒரே லைவாக விட்டால் எல்லை தாண்டிவிடும் ஆபத்து இருக்கிறது. அதோடு 6 மணி நேரத்துக்கு மேல் போன வீடியோவை யூடியூப் எடிட்டரில் வெட்டித் திருத்துவதும் சிக்கல். அதனால் முதல் சுற்று ஒரு லைவ், காலிறுதி ஒரு லைவ், அரையிறுதியும் ஃபைனலும் ஒரு லைவ் என்று பிரித்து விடச் சொல்லுங்கள். சேனல்காரர் "வியூஸ் உடைஞ்சிடும்" என்பார். உடைந்தால் உடையட்டும்.

இரண்டு, பாட்டு. நம் மைதானத்தில் ஓர் ஆட்டம் முடிந்து அடுத்த அணி இறங்கும் வரை மைக் செட்காரர் சினிமாப் பாட்டு போடுவார். யூடியூப் அதைக் கண்டுபிடித்துவிடும். நேரலையே நடுவில் நிற்கலாம். நிற்காவிட்டாலும் பிறகு காப்பிரைட் பிரச்சினையில் அந்தப் பகுதி ஊமையாகிவிடலாம், சில சமயம் வீடியோவே முடங்கலாம். ஒரு பாட்டுக்காக ராத்திரி முழுக்க ஆடியதை இழப்பது என்ன நியாயம்? எங்கள் ஊரில் இப்போது இடைவேளையில் பம்பைக்காரர்களை அடிக்கச் சொல்கிறோம். கூட்டத்துக்கும் பிடித்திருக்கிறது, நாலு கலைஞர்களுக்கு வேலையும் கிடைக்கிறது.

மூன்று, எல்லாவற்றையும் விட முக்கியமானது, நேரக் குறிப்பு. போட்டி முடிந்த மறுநாளே எனக்கு வரும் போன் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். "அண்ணா, என் பிடி எத்தனாவது நிமிஷத்துல வருது?" லெஃப்ட் கார்னரில் நின்று எதிரணியின் பெரிய ரெய்டரைக் கணுக்காலில் பிடித்துக் கிடத்திய பையன் அவன். எட்டு மணி நேர வீடியோவில் அந்த ஐந்து நொடியை அவன் எங்கே போய்த் தேடுவான்? வீடியோவின் தலைப்பில் அவன் ஊர்ப் பெயர்கூட இருக்காது, "மரண மாஸ் கபடி" என்று இருக்கும்.

அதனால் இப்போது ஸ்கோர் மேஜையில் ஒரு பையனை இதற்கென்றே உட்கார வைக்கிறோம். ஆட்டம் தொடங்கும் நேரம், இரண்டு அணிப் பெயர், ஊர், முக்கியமான ரெய்டு, முக்கியமான பிடி, ஆடியவன் பெயர், பனியன் நம்பர். இதை நோட்டில் குறித்துவைத்து, வீடியோ சேமிப்பான பிறகு அதற்குக் கீழே விவரம் எழுதும் இடத்தில் நேரத்தோடு தட்டச்சு செய்கிறோம். முதல் வரி 0:00 என்று ஆரம்பிக்க வேண்டும், குறைந்தது மூன்று நேரமாவது இருக்க வேண்டும். அப்படிச் செய்தால் யூடியூப்பே வீடியோவைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டும். தொட்டால் அந்த ஆட்டத்துக்கே போய் நிற்கும். அணிப் பெயரையும் ஊர்ப் பெயரையும் தமிழில் எழுதுங்கள், தேடும்போது மாட்டும். கேமரா வாடகையோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. ஆனால் இதைச் செய்யாத நேரலைக்கும் ஃபேஸ்புக்கில் அழிந்துபோன நேரலைக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஊர்ப் போட்டியில் ஆடுகிற பையனுக்கு வேறு ஆதாரமே கிடையாது. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு அங்கீகரித்த போட்டிகளின் சான்றிதழ்தான் செல்லும், நாங்கள் கொடுக்கும் கோப்பை செல்லாது. அந்தப் போட்டிகளுக்குப் போக ஒரு கோச் கண்ணில் பட வேண்டும். "இவன் நல்லா ஆடுவான் சார்" என்று வாயால் சொல்வதற்கும், லிங்க்கை அனுப்பி 2:14:30-ல் பாருங்கள் என்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. லிங்க்கைப் பார்த்தே எடுத்துவிடுவார்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நேரில் வந்து ஆடிக் காட்டச் சொல்லும் அளவுக்காவது அது உதவுகிறது.

எருது விடும் விழாக்காரர்கள் இதில் எங்களைவிட முன்னால் போய்விட்டார்கள். ஜல்லிக்கட்டை அனுமதித்த 2017 சட்டத் திருத்தமும், 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று சொன்னதும் வந்த பிறகு, தை மாசம் வந்தால் நம் மூன்று மாவட்டத்திலும் ஏதாவது ஓர் ஊரில் காளை ஓடிக்கொண்டுதான் இருக்கும். அங்கே எல்லாமே நொடிக் கணக்கு. எந்தக் காளை எல்லையை எத்தனை நொடியில் தொட்டது என்பதுதான் பரிசு. மறுநாள் பேப்பரில் எத்தனை காளை ஓடியது, எத்தனை பேருக்குக் காயம் என்று வரும். காளைக்காரருக்கு வேண்டியது நொடி. அது யூடியூப்பில் திரையிலேயே ஓடுகிறது. காளையின் பெயரைப் போட்டுத் தேடினால் அது ஓடிய ஓட்டம் வரிசையாக வருகிறது. காளைக்குக் கிடைக்கும் அந்த மரியாதை நம் கபடிப் பையனுக்கும் கிடைக்க வேண்டும்.

கிரிக்கெட் நடத்துகிறவர்கள் கிரிக்ஹீரோஸ் மாதிரி ஸ்கோர் ஆப் பயன்படுத்துகிறார்கள். பந்துக்குப் பந்து பதிவாகிறது, ஆடியவன் பெயரில் கணக்கும் சேர்கிறது. நான் கபடிக்காரன், பக்கத்து மைதானத்தில் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன். கிரிக்கெட்டுக்கு வீடியோவைவிட அதுவே நல்லது என்று தோன்றுகிறது.

இதெல்லாம் விளையாட்டுக்கு. ஊர்ச் செய்திக்கு என் கணக்கு நேர் எதிர். 2018-ல் குழந்தை கடத்தல் வதந்தி வாட்ஸ்அப்பில் சுற்றியபோது குடியாத்தம் பக்கமும் போளூர் பக்கமும் ஒன்றும் அறியாத மனிதர்களை அடித்தே கொன்றார்கள். அந்த வருஷம்தான் இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து சாட்டுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு போட்டது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது வாட்ஸ்அப்பில் வந்த வீடியோக்களில் எது அன்றைக்கு எடுத்தது, எது பழையது என்று பிரிக்கவே முடியவில்லை. பேப்பரில் ஒரு செய்தி வந்தால் அதற்கு ஆசிரியர், வெளியிடுபவர் என்று பொறுப்பான ஆள் இருக்கிறார், தப்பு என்றால் போய்க் கேட்கலாம். ஃபார்வர்டு அனுப்பியவரைக் கேட்டால் "எனக்கும் வந்துச்சு" என்பார். அதனால் வீட்டுக்குப் பேப்பர் வாங்குவதை நான் நிறுத்தவில்லை, நிறுத்தப் போவதும் இல்லை. மழைக்குப் பள்ளி விடுமுறையா என்பதைக்கூடக் கலெக்டரின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

போட்டி நடத்துகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. பேப்பர் செய்திக்குப் பிரஸ் நோட் எழுதும்போது சிறந்த ரெய்டர், சிறந்த கேட்சர் பெயரை முதல் பத்தியிலேயே வையுங்கள். இடம் இல்லாமல் வெட்டினால் கீழிருந்துதான் வெட்டுவார்கள். யூடியூப் சேனல்காரரிடம் பேசும்போது வாடகையை மட்டும் பேசி முடித்துவிடாதீர்கள். சேனல் அவருடையது. நாளைக்கு அவர் சேனலை மூடலாம், விற்கலாம், நம் வீடியோவை எடுத்துவிடலாம். பக்கத்து ஊர் ஒன்றில் இப்படி இரண்டு வருஷத்து ஆட்டம் மொத்தமாகப் போனது. பதிவின் முழுப் பிரதி ஒன்றை நம் ஹார்ட் டிஸ்கில் ஏற்றிக் கொடுத்த பிறகுதான் பாக்கிப் பணம் என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அந்த ஹார்ட் டிஸ்க்கை ஒரு பொறுப்பாளர் வீட்டில் வைக்காமல், இரண்டு பிரதியாக இரண்டு பேரிடம் வையுங்கள்.