மயக்க மருந்து இல்லாம நாய்க்குப் பல் க்ளீனிங்னு யாராவது வந்தா வாசல்லயே நிறுத்துங்க. எங்களுக்கு 6,500 ரூபாய் போச்சு

கோவம் அடங்காமத்தான் எழுதறேன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. நாய், பூனை வளர்க்கறவங்க தயவுசெஞ்சு முழுசாப் படிங்க. பல் க்ளீனிங்குக்கு முன்னாடி டாக்டர்கிட்ட என்னென்ன கேக்கணும்னு கடைசில விவரமா சொல்றேன்.

எங்க ஜிம்மி ஸ்பிட்ஸ். ஒன்பது வயசு முடிஞ்சுது. ரொம்ப நாளாவே வாய் நாத்தம். மேல் கடைவாய்ப் பல்லுல பழுப்பா காரை கட்டியிருந்துது. வழக்கமா காட்டற டாக்டர், "க்ளீன் பண்ணிடலாம், ஆனா மயக்கம் கொடுத்துதான் பண்ணணும், அதுக்கு முன்னாடி ரத்தப் பரிசோதனை எடுக்கணும்"னு சொல்லியிருந்தார். மயக்கம்னு கேட்டதுமே அம்மாவுக்குக் கண் கலங்கிடுச்சு. வயசான நாய், திரும்ப எழுந்திருக்கலன்னா என்ன பண்றதுன்னு வீட்ல எல்லாருக்கும் அதே பயம்.

அந்தப் பயத்தை வெச்சுத்தான் இவங்க சம்பாதிக்கறாங்க.

வீட்டுக்கே வந்து நாயைக் குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் வெட்டி விடற ஆப் அது. எதுன்னு பேர் சொல்லல, இந்த மாதிரி நிறைய வந்துடுச்சு. "மயக்கம் இல்லை, வலி இல்லை, உங்கள் வீட்டிலேயே முழுமையான பல் சுத்திகரிப்பு"ன்னு போட்டிருந்தாங்க. 6,500 ரூபாய். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினாத்தான் புக்கிங்கே ஆகும்.

வந்தவரைப் பார்த்தா யாருக்கும் சந்தேகம் வராது. செருப்பை வெளியே விட்டுட்டு வந்தார். நேரா நாயைத் தொடல. தரையில சம்மணம் போட்டு உக்காந்து, புறங்கையை நீட்டி மோந்து பார்க்க விட்டார். கேஸ் சிலிண்டர் போடற தம்பியைக் கண்டாலே குரைச்சு ஊரைக் கூட்டற ஜிம்மி, இவர் மடியில தலையை வெச்சுது. "பயப்படாதீங்கம்மா, எங்க வீட்லயும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு. மயக்க ஊசியெல்லாம் இந்த வயசுல தாங்காது. டாக்டருங்க பில்லுக்காகச் சொல்லுவாங்க"ன்னு அம்மாகிட்ட சொன்னார். அம்மா உள்ள போய் காபி போட்டுக் கொண்டு வந்து கொடுத்தாங்க. எங்க மனசு முழுசா அவர் பக்கம் சாஞ்சது அப்பதான். இப்ப அதை நினைச்சாத்தான் வயிறு எரியுது.

கூட வந்த பையன் ஜிம்மியை டவல்ல சுத்தி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான். இவர் கொக்கி மாதிரி வளைஞ்ச கம்பியால பல்லைச் சுரண்டினார். காரை சில்லு சில்லா பேப்பர்ல விழுந்துது. ஜிம்மி உடம்பு வெடவெடன்னு நடுங்குது, முனகுது. ஈறுலேருந்து ரத்தம் வந்து டவல் நனைஞ்சுது. கேட்டதுக்கு, "கெட்ட ரத்தம்மா, வெளியே போகட்டும்"னார். அப்புறம் புதினா வாசனை வர்ற ஜெல்லைத் தடவி, போன் டார்ச் அடிச்சு, முன்னாடி எடுத்த போட்டோவையும் பின்னாடி எடுத்ததையும் பக்கத்துல பக்கத்துல காட்டினார். பல் வெள்ளை வெளேர்னு இருந்துது. ஓடிபி கேட்டு வாங்கிட்டுக் கிளம்பினார். போகும்போது பரிசோதனை அட்டைன்னு ஒண்ணு கொடுத்தார். அதுல "பற்கள்: 42/42. ஈறு: ஆரோக்கியம்"னு எழுதி டிக் போட்டிருந்துது.

நாய்க்கு மொத்தம் 42 பல்லுங்கறது சரிதான். ஆனா ஜிம்மிக்குக் கீழ் முன்பல் ரெண்டு விழுந்து வருஷக்கணக்காச்சு! வாயைத் திறந்து ஒரு தடவை எண்ணிப் பார்த்திருந்தாலே தெரிஞ்சிருக்கும். 6,500 ரூபாய் வாங்கினவர் எண்ணக்கூட இல்ல.

அதுக்கப்புறம் ஜிம்மி சாப்பாட்டை வாயில எடுக்கும், கீழ போடும். ஒரு பக்கமாவே மெல்லும். கொஞ்ச நாள்ல வலது கண்ணுக்குக் கீழ புடைச்சு வீங்கிடுச்சு. நாங்க ஏதோ பூச்சி கடிச்சிருக்குன்னு நினைச்சோம். டாக்டர் பார்த்த உடனே "இது கண்ணு இல்ல, பல்லு"ன்னார். மேல் கடைவாய்ப் பெரிய பல்லோட வேர் கண்ணுக்குக் கீழ வரைக்கும் போகுமாம். வேர்ல சீழ் பிடிச்சா வீக்கம் அங்கதான் தெரியும்.

ரத்தப் பரிசோதனை எடுத்து, மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே எடுத்தாங்க. அந்தப் பல்லைச் சுத்தி எலும்பே கரைஞ்சு போயிருந்துது. அந்தப் பல்லுக்கு மூணு வேர், அதனால மூணு துண்டா வெட்டித்தான் எடுக்க முடிஞ்சுது. சின்ன டப்பாவுல போட்டுக் கொடுத்தாங்க. மேல் பாகம் பளபளன்னு வெள்ளையா இருக்கு, வேர்ப் பக்கம் கறுத்துப் போய் நாறுது. டாக்டர் நேர்மையாவே சொன்னார்: சீழ் அந்த ஆப்காரர் சுரண்டினதால வந்தது இல்ல, அதுக்கு முன்னாடியே இருந்திருக்கு. "ஆனா ஓதம் ஏறின சுவருக்கு வெள்ளையடிச்ச மாதிரி பண்ணிட்டுப் போயிருக்காங்க. ஈறு ஆரோக்கியம்னு எழுதிக் கொடுத்ததால நீங்க நிம்மதியா இருந்துட்டீங்க. அதுல நாள் ஓடிப் போச்சு"ன்னார். ஈறு கிழிஞ்சிருந்தது மட்டும் அந்தக் கொக்கியோட வேலை.

டாக்டர் சொல்லித்தான் விஷயமே புரிஞ்சுது. கண்ணுக்குத் தெரியற காரை பெரிய பிரச்சினையே இல்லையாம். நோய் இருக்கறது ஈறுக்கு அடியில. அங்க கருவி விட்டு ஆழம் பார்த்து, உள்ள இருக்கற காரையை எடுக்கணும். முழிச்சிருக்கற எந்த நாயும் அதுக்கு வாயைக் காட்டாது. தண்ணி பீய்ச்சிக் காரையை எடுக்கற ஸ்கேலர் மெஷின்ல பண்ணும்போது அழுக்குத் தண்ணி நுரையீரலுக்குப் போயிடக் கூடாதுன்னு மூச்சுக்குழாய்ல ட்யூப் போடுவாங்க. மயக்கம் இல்லாம அதையும் போட முடியாது. சுரண்டினதோட விட்டா பல்லுல கீறல் விழுந்து, அதுல காரை இன்னும் வேகமாப் பிடிக்கும், அதனாலதான் கடைசில பாலிஷ். அமெரிக்காவுல கால்நடைப் பல் மருத்துவர்களோட அமைப்பே இந்த மயக்கமில்லா க்ளீனிங் வேண்டாம்னு வெளிப்படையா சொல்லியிருக்காம். இதுல ஒண்ணுகூட அந்த ஆப்ல இல்ல. பல்லோட நிறத்தை மாத்தறதுக்கு 6,500 ரூபாய்.

இனிமே நடந்ததுதான் இன்னும் மோசம். வந்தவரோட நம்பர் ஆப்லேருந்து மறைஞ்சிடுச்சு. சாட்ல எழுதினா "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், 24 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்"னு வரும், அதோட சரி. விடாம போன் பண்ணினேன். ஒரு பொண்ணு, "மேடம், நீங்க ஓடிபி குடுத்துட்டீங்க, சர்வீஸ் கம்ப்ளீட்னு காட்டுது"ன்னாங்க. இன்னொருத்தர், "அவர் எங்க ஸ்டாஃப் இல்ல மேடம், பார்ட்னர்"னார். பணம் மட்டும் உங்க கணக்குக்குத்தானே வந்துதுன்னு கேட்டேன், லைனைக் கட் பண்ணிட்டார். எக்ஸ்ரேயும் டாக்டர் சீட்டும் அனுப்பினேன். "எங்கள் சேவையால்தான் பாதிப்பு என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும்"னு பதில். அட்டையில 42/42னு பொய்யா எழுதினதுக்கு என்ன பதில்னு கேட்டதுக்கு, அடுத்த தடவை குளிப்பாட்ட 300 ரூபாய் கூப்பன் அனுப்பிட்டு சாட்டை மூடிட்டாங்க. 6,500 ரூபாய்க்கு 300 ரூபாய் கூப்பன்! அதுவும் திரும்ப அவங்களையே வீட்டுக்குள்ள விடறதுக்கு.

கீழ் வீட்டு அக்கா ஜிம்மியோட போட்டோவைப் பார்த்துட்டு அவங்க பூனைக்கும் புக் பண்ணியிருந்தாங்க. ஓடிப் போய் நிறுத்தினேன். பூனைக்கு இன்னும் ஆபத்து. அதுங்களுக்குப் பல்லே உள்ளுக்குள்ள கரைஞ்சு போற நோய் வரும், பயங்கரமா வலிக்கும், எக்ஸ்ரே இல்லாம சரியாத் தெரியாதுன்னு டாக்டர் சொன்னார். அந்த இடத்துல போய்க் கம்பியால சுரண்டினா அது என்ன பாடுபடும்!

விவரமா எழுதறேன்னு சொன்னேன், ஜிம்மிக்கு மருந்து கொடுக்கற நேரமாச்சு, முக்கியமானதை மட்டும் சொல்லிடறேன். மயக்கம் இல்லாம பண்றேன்னு சொன்னா வேண்டாம்னுடுங்க. வர்றவர்கிட்ட கால்நடை மருத்துவ கவுன்சில் பதிவு எண் கேளுங்க. 1984 கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டப்படி பதிவு பெற்ற டாக்டர்தான் வைத்தியம் பார்க்கலாம், முடி வெட்டறவர் இல்ல. முன்னாடி ரத்தப் பரிசோதனை உண்டா, பல்லுக்கு எக்ஸ்ரே எடுப்பீங்களா, ட்யூப் போடுவீங்களான்னு கேளுங்க. முழு வேலையும் முடிஞ்சு, நாயைப் பார்த்துட்டு ஓடிபி கொடுங்க. கண்ணுக்குக் கீழ வீங்கினா காத்திருக்காதீங்க, சென்னையில இருந்தா வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்காவது உடனே தூக்கிட்டுப் போங்க. வீட்ல தேய்ச்சு விடறவங்க மனுஷங்க பேஸ்ட்டைத் தொடாதீங்க, சிலதுல இனிப்புக்காகச் சேர்க்கற சைலிட்டால் இருக்கும், நாய்க்கு அது விஷம்.

நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் கொடுத்தாச்சு. இதே மாதிரி ஏமாந்தவங்க அட்டையையும் பணம் கட்டின ஸ்கிரீன்ஷாட்டையும் அழிக்காம வெச்சிருங்க. அந்த 6,500 ரூபாயை நான் விடப் போறதில்ல.