படகு ஜன்னல் கசிவு: சில வருடம் கழித்தும் தாக்குப்பிடித்தது எது?

ஒட்டி முடித்த வாரத்தில் எந்த சீலன்ட்டும் (இடைவெளியை அடைக்கும் பசை) பிரமாதமாகத்தான் தெரியும். ஒன்றிரண்டு கோடை கடந்த பிறகுதான் அதன் குணம் வெளியே வரும். அதனால்தான் இதை எழுத இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டேன்.

என் பாய்மரப் படகில் இரண்டு வகை ஜன்னல்கள். கேபின் பக்கவாட்டில், சட்டம் இல்லாமல் ஃபைபர்கிளாஸ் மேலேயே பதித்த நீளமான அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) பலகைகள். முன்பக்கம், அலுமினியச் சட்டம் போட்ட சிறிய ஜன்னல்கள். நீளமானவற்றை விஎச்பி டேப்பும் (இரண்டு பக்கமும் பலமாக ஒட்டும் தடித்த டேப்) டவ்சில் 795 என்ற சிலிக்கான் சீலன்ட்டும் வைத்து ஒட்டினேன். சிறியவற்றுக்குப் பியூட்டைல் டேப், அதாவது இறுகாமல் பிசுபிசுவென்றே இருக்கும் ரப்பர் பட்டை.

படகு என் கைக்கு வந்தபோது பக்கவாட்டு ஜன்னல் எல்லாமே கசிந்தது. முன்பு வேலை செய்தவர் பாலியூரித்தேன் சீலன்ட் தடவி, ஸ்க்ரூவைப் போட்டு முடிந்த மட்டும் இறுக்கியிருந்தார். சீலன்ட் முழுக்க வெளியே பிதுங்கிப் போய், உள்ளே மிஞ்சியது காகிதம் போல ஒரு படலம். தலை பதியும் ஸ்க்ரூ வேறு. அது ஆப்பு மாதிரி இறங்கி ஒவ்வொரு துளையைச் சுற்றியும் விரிசல் விட்டிருந்தது.

இறுக்கினால் தண்ணீர் வராது என்று நினைப்பதில்தான் கோளாறே. 1 மீட்டர் நீள அக்ரிலிக் பலகை, வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ் ஏறினால் கிட்டத்தட்ட 3 மி.மீ. நீளும். அதே நீள ஃபைபர்கிளாஸ் அதில் பாதிகூட நீளாது. இந்த வித்தியாசம் தினமும் வெயிலில் ஏறி இரவில் இறங்கும். போதாததற்கு, காற்று பலமானால் படகின் உடலே லேசாக முறுக்கிக்கொள்ளும். அரை மில்லிமீட்டர் படலம் இத்தனை இழுப்பையும் தாங்காது, ஒரு ஓரத்தில் விட்டுவிடும். அதுவே 2, 3 மி.மீ. தடிமனான சிலிக்கான் என்றால் ரப்பர் போல இழுபட்டுக் கொடுக்கும். விஎச்பி டேப்பில் எனக்குப் பிடித்ததே இதுதான்: 2.3 மி.மீ. தடிமனுள்ள 4991 ரகத்தைப் போட்டால், எவ்வளவு அழுத்தினாலும் இடைவெளி அப்படியே நிற்கும். பிடிப்பதற்கு ஸ்க்ரூவும் வேண்டாம். பழைய துளைகளை எபாக்சி (கல் போல இறுகும் பிசின்) போட்டு அடைத்துவிட்டேன்.

வேலையில் பெரும்பகுதி ஒட்டுவது அல்ல, சுரண்டுவது. சில ஜன்னலில் பாலியூரித்தேனுக்கு மேலேயே யாரோ சிலிக்கான் பூசியிருந்தார்கள். சிலிக்கான் இருந்த இடத்தில் புது சிலிக்கான்கூட சரியாகப் பிடிக்காது. துடைத்தால் போய்விடும் என்று விற்கும் திரவங்களை நம்பாதீர்கள். பிளேடால் சீவி, உப்புத்தாளால் தேய்த்தால்தான் போகும். போய்விட்டதா என்று பார்க்கத் தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக உருண்டு நின்றால் இன்னும் இருக்கிறது, பரவி நனைத்தால் சரி. ஒன்று கவனம்: ஃபைபர்கிளாஸை அசிட்டோன் வைத்துத் துடைக்கலாம், அக்ரிலிக் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது. அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் அப்படித்தான், நாளடைவில் நுண்விரிசல் வரும். பாலிசல்ஃபைடு சீலன்ட் படகின் மேல்தள வேலைக்கு அருமையானது, ஆனால் அக்ரிலிக்குக்கும் பாலிகார்பனேட்டுக்கும் ஆகாது.

பழைய பலகையைக் கழற்றியதும் வெட்டின் ஓரத்தைப் பாருங்கள். ஃபைபர்கிளாஸ் அடுக்குகளுக்கு நடுவில் பால்சா என்ற லேசான மரம் இருந்தால் அது ஊறியிருக்க வாய்ப்பு அதிகம். ஊறியதைத் தோண்டியெடுத்து, காயவிட்டு, கெட்டியான எபாக்சியால் ஓரத்தை மூடிய பிறகே ஜன்னல். இதை விட்டுவிட்டு எந்த உயர்ந்த சீலன்ட் போட்டாலும் வீண்.

சரி, இப்போது எப்படி இருக்கிறது? பக்கவாட்டு ஜன்னல்களில் இன்றுவரை ஒரு சொட்டு இல்லை. அலை மேலேறி அடித்தபோதும் இல்லை. சிலிக்கான் விளிம்பை விரலால் அழுத்தினால் இன்னும் மெத்தென்று திரும்புகிறது. குறை என்றால், அழுக்கு ஒட்டிக் கறுப்பாகத் தெரியும். அப்புறம், பலகையைத் திரும்பக் கழற்ற வேண்டி வந்தால் கம்பி விட்டு அறுக்க வேண்டியிருக்கும்.

பியூட்டைல் டேப்புக்கு என் மதிப்பெண் கொஞ்சம் குறைவுதான், அதற்குக் காரணம் டேப் இல்லை. முதல் கோடையில் அது சட்டத்தைச் சுற்றிப் பிதுங்கி வழிந்தது. சீவிவிட்டு, ஸ்க்ரூவைக் கால் திருகு முறுக்கினேன். பிறகு அமைதி. ஆனால் ஒரு ஜன்னல் மறுபடி சொட்ட ஆரம்பித்தது. உள்ளிருந்து ஒருவர் பார்க்க, வெளியே கீழிருந்து மேலாக ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே வந்ததில், வழி தெரிந்தது: சட்டத்துக்கும் கேபினுக்கும் நடுவில் அல்ல, கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில். சட்டம் போட்ட ஜன்னலில் இரண்டு அடைப்புகள் உண்டு. பியூட்டைல் காப்பது ஒன்றைத்தான். மற்றது ரப்பர் கேஸ்கெட், அது சுருங்கி மூலையில் பிரிந்திருந்தது.

அந்த ஒன்றுக்குப் புது கேஸ்கெட் போட்டாயிற்று. மீதிச் சட்டங்களின் ரப்பரும் அதே வயதுதான் என்பதால், சொட்டும்வரை காத்திருக்காமல் அடுத்த முறை படகைக் கரையேற்றும்போது எல்லாவற்றையும் மாற்றிவிடப் போகிறேன். பியூட்டைலைத் தொடப்போவதில்லை.